ஈரக் கை

துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது அக்காவின் வேலை. ஒரே எச்சரிக்கையை ஆயிரம் தடவை அடித்து அலுத்துப்போனவள், தட்டச்சு செய்யும் எடிட்டர் மென்பொருள்கள் நாலைந்தை மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒன்றைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டாள். அதில் "கை" என்று அடித்து இடம் விட்டால் போதும், "ஈரக் கையால் தொடாதீர்கள்!" என்று முழு வரியும் வந்து விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்தபோது, தம்பி அந்த எடிட்டரில், நூலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தன் முதல் காதல் கடிதத்தை எழுதினான். விசைப்பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அடிப்பவன் அவன். திருப்பிப் படிக்காமலே அனுப்பியும்விட்டான்.

திரும்பி வந்த அக்கா திரையைப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே படித்தாள்.

"'உன் ஈரக் கையால் தொடாதீர்கள்! பிடித்து நடக்க ஆசை.' டேய், என்னடா இது?"

தம்பி ஓடி வந்து திரையைப் பார்த்தான். "எல்லாம் உன்னாலதான்க்கா! என் மானமே போச்சு."

"படிச்சுப் பாக்காம அனுப்பினது யாரு, நானா?"

சண்டை முற்றுவதற்குள் பதில் வந்துவிட்டது. தம்பி பார்க்கப் பயந்ததால் அக்காவே படித்தாள்: "நல்லாத் துடைச்சிட்டு வரேன். அஞ்சு மணிக்குப் பூங்காவுல பாக்கலாமா?"

தம்பி சட்டை தேய்க்க ஓடினான். அக்கா கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டாள்.