வெளியே சொல்லாத சாவி

கணினிப் பிரிவு பசவராஜ் இறந்து இரண்டு மாதமாகியும், கட்டளைகள் அடிக்க அவன் கணினியில் திறந்துவைத்த கறுப்புத் திரையை யாரும் மூடவில்லை. ஹூப்ளியின் அந்தப் புற்றுநோய் மருத்துவமனையில் பழைய ஸ்கேன் படங்களுக்கெல்லாம் பூட்டு. திறக்கும் சாவிச்சொல்லை அவன் எந்தக் கோப்பிலும் எழுதாமல், அந்தத் திரையின் நினைவில் மட்டும் ஒரு பெயரிட்டுத் தட்டிவைத்திருந்தான். ஆளை லாரி அடித்துப்போட்டது. திரை மட்டும் உயிரோடு இருந்தது.

டாக்டர்கள் பழைய படம் கேட்டால், பக்கத்து இருக்கை சுமங்களா அவன் கடைசியாக அடித்த கட்டளையையே மறுபடி ஓட்டுவாள். படம் திறக்கும். பத்தொன்பது வருஷ அனுபவக்காரி, அளந்து அடிவைப்பவள். ஆனைக்கும் அடி சறுக்கும்.

பழைய கணினியை மாற்றும் நாள் வந்தது. அந்தத் திரைக்குத் தெரிந்த பெயர்களையும் மதிப்புகளையும் பட்டியலாக வரவழைத்துச் சேமித்துக்கொண்டாள்.

"அக்கா, எல்லாம் எடுத்துட்டீங்களா?" என்றான் மேலாளர் கல்மேஷ்.

"எடுத்தாச்சுப்பா. பழைய மிஷினை நிறுத்து."

புது மிஷினில் பட்டியலைப் பிரித்து, மேலிருந்து கீழ்வரை இருமுறை தேடினாள். எல்லாம் இருந்தது, சாவியைத் தவிர. 'எக்ஸ்போர்ட்', அதாவது வெளியே சொல், என்று சேர்த்து அடித்தால்தான் ஒரு பெயர் அந்தப் பட்டியலில் ஏறும். இல்லாவிட்டால் அது திரையோடு பிறந்து திரையோடு சாகும். அவன் சேர்க்கவில்லை. புதுப் பிள்ளைகளுக்கு இதை முதல் வாரமே சொல்லித் தருகிறவள் இவள்தான். தலையில் அடித்துக்கொண்டாள்.

வெளியே கதக் ஊரிலிருந்து வந்த நோயாளி ஹுலிகெம்மா காத்திருந்தாள். கட்டி வளர்ந்திருக்கிறதா என்று சொல்ல டாக்டருக்குப் போன வருஷப் படம் வேண்டும்.

"படம் உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னாங்களே தாயி?"

சுமங்களாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பசவராஜின் மகள் பெயர், வண்டி எண், குலதெய்வம் என்று தட்டிப் பார்த்தாள். எதுவும் திறக்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு அவன் மனைவி நீலம்மாவை அழைத்தாள்.

"நீலா, உன் வீட்டுக்காரர் ரகசியமா வச்சிருந்த மாதிரி ஏதாவது வார்த்தை உண்டாம்மா? உங்கிட்ட எப்பவாச்சும் சொன்னாரா?"



"அந்த மனுஷன் எங்கிட்ட என்னக்கா சொன்னாரு? மனசுல இருந்த எதையும் வெளிய சொல்லாமலே போயிட்டாரு. நானும் அதைத்தான் தேடிட்டிருக்கேன்."