கட்டை கீழே, மணி மேலே

போன வாரம் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று நிறுத்தத்துப் பலகையில் எழுத்து ஓடியது. சொன்னபடியே வந்தது. எனக்கென்னவோ லேசான ஏமாற்றம். நினைத்த நேரத்துக்குப் பஸ் வராத காலத்தில், அதே சாலையை வைத்து ஒரு பெரிய வழக்கு நடந்தது. வழக்காடியவள் அமிர்தம்.

அறுபதுகளின் தொடக்கம். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில், விரலில் அச்சு மை காயாமலே, ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு மாடியில் நடந்த கணக்கு வகுப்புக்குப் போவேன். கீழே மசாலா அரைக்கும் கடை. மிளகாய் நெடி ஏறினால் வகுப்பே தும்மும். கணக்கு என்றால் இன்றும் எனக்கு மூக்கு அரிக்கிறது.

அமிர்தம் முன் வரிசை. தமிழ்ப் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியை. அந்த ஆண்டுப் பரீட்சையில் கணக்கில் தேறாவிட்டால் வேலை போய்விடும். ஏற்கெனவே ஒருமுறை தேறவில்லை. வேலை போனால் அக்கரையில் ஜொகூர் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிடுவதாக அவள் அண்ணன் சொல்லிவைத்திருந்தார். “மாப்பிள்ளை நல்லவருதான். எனக்குத்தான் இங்க வேலை இருக்கு” என்பாள்.

ஒரு ரயில் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போனது என்று கட்டத்தாளில் வரையச் சொன்னார் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், பகலில் அரசாங்க கிளார்க், எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அமிர்தம் தூரத்தைப் படுக்கைக் கோட்டிலும் நேரத்தை நிற்கும் கோட்டிலும் போட்டிருந்தாள்.

“பிள்ளை, எது தன்பாட்டில போகுதோ அது கீழ. எது அதைப் பாத்து மாறுதோ அது மேல. நேரம் தன்பாட்டில போகும். மாத்தி எழுதுங்கோ.”

“இல்ல சார். நான் தினமும் பஸ்ல போறேன். அஞ்சாங்கட்டை இருந்த இடத்துலயேதான் இருக்கு. எத்தனை மணிக்கு அங்க போய்ச் சேருவேன்னுதான் ஒரு நாளும் தெரியல. அப்ப எது எதைப் பாத்து மாறுது?”

மைல்கல்லை அப்போது கட்டை என்போம். வீட்டு அடையாளமே கட்டைக் கணக்கில்தான்.

“டிரைவர் மூஞ்சியப் பாத்து மாறுது லா!” என்றது பின்வரிசை. எல்லோரும் சிரித்தோம். அமிர்தம் சிரிக்கவில்லை.

“சோதினையில இப்பிடி வாதாடினா மார்க் கிடையாது” என்றார் மாஸ்டர்.

“மார்க்கும் வேணும் சார். புரியவும் வேணும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையருகே பஸ் ஏறினோம். அவள், துணைக்கு அவள் தங்கை, கைக்கடிகாரத்துக்காக நான். ஒவ்வொரு கட்டையிலும் மணி என்ன என்று அவள் குறித்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கே இருக்கிறோம் என்று நான் குறித்தேன். என் வேலை கேலிக்கூத்தாகிவிட்டது. ஐந்து நிமிடம் முடியும்போது பஸ் எந்தக் கட்டையிலும் இருக்காது. ‘தென்னை மரம்’, ‘மாட்டுக்கொட்டகை தாண்டி’, ‘இன்னொரு தென்னை மரம்’ என்று எழுதினேன். செய்தி எழுதப் போகிறவனின் லட்சணம்!

நடுவழியில் டிரைவர் இறங்கிக் கோப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். தேக்காவில் தமிழ் பழகிய சீனர் எங்கள் கண்டக்டர். அவர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, என்னா எழுதுற? கம்பெனி ஆளா?”

“இல்ல அண்ணே, படிக்கிறேன்.”

“படிக்கிற ஆளு புத்தகம் பாக்கும் லா. நீ மணி பாக்குற!”

அவர் விசிலடிக்க, டிரைவர் கோப்பியைப் பாதியில் விட்டு ஓடிவந்தார். அதன்பின் பஸ் பறந்தது.

கடைசி நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் வரைந்தோம். என் தென்னை மரங்களுக்கு நான் குத்துமதிப்பாகத் தூரம் போட்டுக்கொண்டேன். டிரைவர் கோப்பி குடித்த நேரம் அவள் படத்தில் சுவர்போல ஏறியது. என் படத்தில் பாய்போலப் படுத்துக் கிடந்தது. அமிர்தம் இரண்டையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“நான் கட்டையைப் புடிச்சிக்கிட்டு மணி கேட்டேன். நீங்க மணியைப் புடிச்சிக்கிட்டு இடம் கேட்டீங்க. எதைப் புடிச்சிக்கிறோமோ அது கீழ. அவ்வளவுதான்!”

மறுநாள் இரண்டு தாள்களும் மாஸ்டர் மேசைக்குப் போயின.

“அப்ப ரயில் கணக்கில எது கீழ?” என்றார்.

“அதுல மணிக்கு மணி குறிச்சிருக்காங்க சார். மணிதான் கீழ.”

அவர் தாள்களைத் திரும்பவும் பார்த்தார். “நீங்கள் சொன்னதும் பிழையில்லை, பிள்ளை.”

பரீட்சையில் ரயில் வரவில்லை. சுருள்கம்பியில் எடைக்கற்களைத் தொங்கவிட்டால் கம்பி எவ்வளவு நீளும் என்று வரையும் கணக்கு வந்தது. நான் பதறிப்போய் உடனே கோடு கிழித்தேன், அழித்தேன். முன்னால் அமிர்தம் பென்சிலைத் தொடாமல் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் வரைந்தாள், ஒரே தடவை. தேறினாள். வேலை நிலைத்தது. ஜொகூர்க்காரர் வேறிடத்தில் பெண் பார்த்தார்.

அந்தப் பள்ளியில் பல ஆண்டுகள் தமிழில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெற்றோர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப அனுப்ப, இங்கே பெஞ்சுகள் காலியாயின. கடைசியில் பள்ளியையே மூடினார்கள். செய்தியை எங்கள் பத்திரிகையில் நான்தான் எழுதினேன். உள்பக்கத்தில் சிறியதாக வந்தது. அந்த வாரம் சந்தையில் அவளைப் பார்த்தேன்.

“இனி என்ன டீச்சர்?”

“ராத்திரி கிளாஸ்ல சேந்துட்டேன். கணக்கை இங்கிலீஷ்ல சொல்லிக்குடுக்கப் படிக்கிறேன். நேரமாச்சு, வர்றேன்.”

தமிழில் கணக்கு நடக்கும் வகுப்பறை இன்று சிங்கப்பூரில் இல்லை. ஓய்வு பெறும் நாள்வரை அமிர்தம் கணக்கு ஆசிரியையாகவே இருந்தாள்.