மேலுமலையைப் பின்பக்கமாக ஏறியவன்

கார் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு வழி தெரிந்தால் போதாது, வண்டியின் மனசும் தெரிய வேண்டும். நடுரோட்டில் வண்டி நின்று, பானெட்டைத் திறந்துவிட்டு வானத்தைப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என் வலி புரியும். ஐம்பதுகளில் கிருஷ்ணகிரியில் என் முதலாளியிடம் இரண்டு டாக்ஸிகள் இருந்தன. ஒன்று என்னைவிட மூத்த கிழம். மற்றொன்று பளபளவென்று வந்திறங்கிய புதுசு. இரண்டையும் நான்தான் மாற்றி மாற்றி ஓட்டினேன்.

கிழத்தின் வழக்கம்

கிழத்துக்குப் பெட்ரோல் டாங்க் முன் சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது. பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்குப் போக வேண்டும். ஓசூர் போகும் வழியில் மேலுமலை ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கினால் எஞ்சின் மேலே, டாங்க் கீழே. பெட்ரோல் எப்படி ஏறும்? அதனால் அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸிலேயே மலை ஏறுவேன்.

பயணிகள் முதலில் பயப்படுவார்கள். பிறகு பயம் மறந்து பார்க்கத் தொடங்குவார்கள். முன் கண்ணாடிக்கு வெளியே கேழ்வரகுக் கொல்லையும் ஏரியும் புளியமரமும் மெல்ல மெல்ல விலகிப் போகும். ஊர் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் கிருஷ்ணகிரி மலை மட்டும் நீலமாக நிற்கும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டும் எனக்கு அதில் எதுவும் தெரியாது. பின் சீட்டில் இருப்பவர்களின் முகத்தில்தான் பார்த்துக்கொள்வேன். எங்கள் ஊரில் பிறந்து ஓசூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு அம்மாள் இறங்கும்போது சொன்னாள்:

“எப்பவும் ஊரு முதுகுப் பின்னால போயிரும். இன்னிக்குத்தாம்பா மூஞ்சி காட்டி வழியனுப்புச்சு.”

புதுசுக்கு ஜுரம்

புதுசுக்குப் பம்ப் உண்டு. ஆனால் செய்தவன் அதைக் கொதிக்கிற எஞ்சினோடு ஒட்டி வைத்துவிட்டான் மகராசன். சித்திரை வெயிலில் ஏற்றம் ஏறினால் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகிப் போகும். வண்டி நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம்.

ஒருநாள் வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் ஒருவரை ஏற்றிப் போனேன். வண்டி பாதி ஏற்றத்தில் படுத்துவிட்டது. அவர் தோள்துண்டையே வாங்கி நனைத்துப் பம்பின் மேல் போட்டேன். பாறை நிழலில் உட்கார்ந்தோம். காற்றில் எங்கிருந்தோ மாம்பழ வாசனை மாதிரி ஒன்று வந்தது, கண் செருகியது. அவர் மட்டும் தூங்காமல் தன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“நெத்தியில ஈரத்துணி போட்டு எழுப்பறதுக்கு இது காரா, இல்ல காய்ச்சல் கண்ட கைக்கொழந்தையா?”

மடங்காத கை

புதுசின் பக்கவாட்டிலிருந்து, திரும்பும்போது ஒரு சின்னக் கைகாட்டி நீளும். நீண்டது மடங்காது. ஓசூர் சந்தைத் தெருவில் அது வலது பக்கம் நீண்டபடியே நின்றுவிட்டது. நான் நேராகப் போக வேண்டியவன். எனக்கு வழிவிட்டு நின்ற கன்னடக்கார மாட்டுவண்டிக்காரர் கடைசியில் கத்தினார்:

“ஏனப்பா, எப்பத்தான் திரும்புவே? என் மாடு அசைபோட்டே முடிச்சிட்டுது!”

ருக்குவின் ஆசை

முதலில் சொன்ன அம்மாளின் பேச்சை நான் வீட்டில் சொல்லியிருந்தேன். என் தங்கை ருக்கு அதைப் பிடித்துக்கொண்டாள். ஓசூரில் கம்பவுண்டராக இருந்த மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி முடித்ததும், நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. “அண்ணா, என்னைக் கெழ வண்டியிலயே கூட்டிப் போ. ஊரு மறையற வரைக்கும் பாத்துக்கிட்டே போவணும்” என்றாள். சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் முதலாளி கிழத்தைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டார். ருக்கு புதுசைத் துடைத்துத் தானே பொட்டு வைத்தாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கல்யாணம் முடிந்து புதுசில் புறப்பட்டோம். பின் சீட்டில் மாப்பிள்ளையும் அவளும். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. மேலுமலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன். “புது வண்டியில இது ஒரு பெரிய குறைங்க மாப்பிள்ளை. ஏத்தத்துல முன்பக்கமாப் போனா இழுக்காது” என்றேன். வண்டியைத் திருப்பினேன். ரிவர்ஸில் ஏறத் தொடங்கினேன்.

ருக்கு தலையைத் தூக்கினாள். பனி விலகிய காலை வெளிச்சத்தில் எங்கள் ஊர் அவளை விட்டு மெதுவாக, மிக மெதுவாகப் போவதை அவள் கண்ணில் பார்த்தேன். கோயில் போயிற்று, ஏரி போயிற்று. மலை மட்டும் கொஞ்ச நேரம் அந்தக் கண்ணில் நின்றது. அவள் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். உச்சியில் வண்டியை நேராகத் திருப்பியதும், மாப்பிள்ளை என் தோளைத் தொட்டார்.

“மறுவீட்டுக்கு வர்றப்ப வண்டிக்கு இந்தக் குறை வேணாம் மச்சான், நேராவே ஓட்டுங்க. அப்ப அவ ஊரு முன்னாலதான இருக்கும்?”

புது வண்டிகளைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த குறைகள் அத்தனையும் சத்தியம், அன்றைக்குச் சொன்ன அந்த ஒன்றைத் தவிர.