வாழைத்தாரும் ஐந்து விரல் தடமும்

போன வாரம் மதராஸில் ஒரு மிலிட்டரி ஓட்டல் வாசலைத் தாண்டிப் போனேன். உள்ளே பிரியாணிக்குச் சீரகச்சம்பா அரிசி வெந்து மணத்தது. கூட வந்த நண்பருக்கு நாக்கில் நீர் ஊறியது. எனக்கோ, ஓட்டு விட்டத்தில் ஓடும் நீளவால் பிராணி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது நான் காலேஜ் முடித்த சூட்டோடு காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். பிள்ளையார்பாளையத்தில், பட்டு நூல் இழைக்கும் கன்னியம்மாவின் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். பிராணிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கும் சாஸ்திரத்தில் எனக்குப் பைத்தியம். புலி, சிங்கம், சிறுத்தை, அடுப்படியில் தூங்கும் பூனை எல்லாம் ஒரே குடும்பம், சிவிங்கிப்புலி மட்டும் நகத்தை முழுக்க மறைக்கத் தெரியாத தாயாதி என்று கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்திச் சொல்வேன். தபால்காரர் என்னைக் கண்டால் சந்து மாறிப் போவார்.

அந்தத் தெருவில் பூனைக்குத் தனி மதிப்பு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போடுவார்கள், கஞ்சிக்கு எலி வரும், எலிக்குப் பூனை வேண்டும். கன்னியம்மாவின் சாம்பல் பூனை நாலு வீட்டுக்குக் காவல். அது குட்டி போட்டிருந்த நேரத்தில்தான் வழக்கு வந்தது.

எதிர்வீட்டுத் துரைசாமி கல்யாணப் புடவைக்குத் தறியில் பாவு பூட்டியிருந்தார். ஒரு காலையில் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு இழைகள் அறுந்து கிடந்தன. கோணிப்பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பூனய குடு கன்னிம்மா. பாலாத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடறேன்."

"குட்டிங்க கண்ணு கூட தொறக்கலபா. தாய இட்டுக்கினு போனா அதுங்க செத்துப்பூடும்."

"என் பாவு செத்துப்போச்சே, அத யாரு கேக்கறது?"

அவர் வீட்டில் ஏற்கெனவே இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. விட்டத்தில் பழுக்கத் தொங்கவிட்ட வாழைத்தாரில் பழம் குறைந்துகொண்டே வந்தது. பழி, மாகறலிலிருந்து வந்து தங்கியிருந்த மச்சான் ஏழுமலை மேல். எனக்குச் சட்டென்று உறைத்தது. தார் தொங்கியது தறிக்கு நேர் மேலே! பூனை வாழைப்பழம் தின்னாது, ஏழுமலை விட்டத்திலிருந்து பாவின் மேல் குதிக்கமாட்டான். குற்றம் இரண்டு, ஆள் ஒன்று.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுங்க. பூனை இல்லேன்னு நான் காட்டறேன்" என்றேன்.

"பூனை இல்லேன்னா? உன் புலியா வந்துச்சி வாத்தியாரே?"

தெருவே சிரித்தது. ஆனாலும் கோணிப்பை அன்று காலியாகத் திரும்பியது.

சாயங்காலம் பாவின் மேல் பழைய வேட்டியை விரித்து, தறியைச் சுற்றிக் கோலமாவைச் சலித்துத் தூவினோம். விடிந்து பார்த்தால் மாவில் தடம், பக்கத்தில் பழத்தோல். சாம்பல் பூனையைத் தூக்கிவந்து அந்தத் தடத்தருகே நடக்கவிட்டேன். அதன் தடத்தில் நாலு விரல், நகத்தின் அடையாளமே இல்லை. நகத்தை உறைக்குள் இழுத்துக்கொண்டு நடக்கும் குடும்பம் அல்லவா! ராத்திரி விருந்தாளிக்கோ ஐந்து விரல், நுனியில் நகக் கீறல். மூலையிலிருந்து சீரகச்சம்பா வேகும் வாசனை வேறு, அது விட்டுப்போன வாடை.

"மரநாயி!" ஏழுமலை துள்ளினான். "ரெண்டு நாளா என்னயே மொறச்சிக்கினு இருந்தியே மாமா!"

"அது நாயும் இல்லீங்க. கோயில்ல சாத்தற புனுகு குடுக்குதே, அந்தப் புனுகுப்பூனையோட பங்காளி. புனுகுப்பூனையும் பூனைக் குடும்பம் இல்லை" என்றேன், விடாமல்.

துரைசாமி மோவாயைச் சொறிந்தார். "பூனைன்றது பூனை இல்ல, நாயின்றது நாயி இல்ல. இன்னாபா, பேர் வெக்கச்சொல்ல யாருமே பாக்கலியா?"

இந்த இடத்தில் என் பிரசங்கம் தொடங்கியது. எண்ணிப் பார்க்க முடியாத காலத்துக்கு முன்னால் மரத்தில் வாழ்ந்த சின்னப் பாட்டன் ஒருவனிடமிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒரு கிளை இறைச்சி ஒன்றையே நம்பியது. மெல்லும் பல் குறைந்து, கத்தரிக்கும் பல் கூர்மையாகி, நகத்துக்கு உறை வந்து, புலியும் பூனையும் ஆயிற்று. மற்றது பழமும் பூச்சியும் எலியும் கிடைத்தபடி தின்றுகொண்டு விட்டத்திலேயே தங்கிவிட்டது. துரைசாமி பாதியிலேயே தறிக்குப் போய், அறுந்த இழைகளைப் பிணைக்க உட்கார்ந்துவிட்டார். கோணிப்பையைக் கன்னியம்மா வாங்கிக் குட்டிகளுக்கு விரித்தாள்.

ஏழுமலை மட்டும் கடைசிவரை கேட்டான். என்னை வாசல்வரை கொண்டுவிட்டு, காதோரம் சொன்னான்: "மேல் சீப்பு ரெண்டு மட்டும் நான்தான் வாத்தியாரே. அதயும் மரநாயி கணக்குலயே வெச்சிக்க."

சென்ற தையில் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். துரைசாமி ஓட்டுக்கூரையைப் பிரித்து மெத்தைத்தளம் போட்டுவிட்டார், இரு பக்கத்து வீடுகளும் அப்படியே. நுழைய ஒரு சந்து இல்லை. மரநாய் வந்து வெகுநாளாயிற்று என்றார்கள். சாம்பல் பூனையின் பேத்தி ஒன்று வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பால் கவிழ்ந்த சத்தம்.

"பூனைதான், வேற யாரு?" என்றார் துரைசாமி.

பூனை எங்கள் கண்ணெதிரேதான் கிடந்தது. ஆனாலும் கைகாட்ட விட்டத்தில் வேறொருவர் இல்லை. உள்ளேயிருந்து வந்த ஏழுமலை, வேட்டியில் பட்ட பாலைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.