தாடைக்காரரின் இடது கண்

அந்தக் கடைத்தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "தாடைக்காரர் ஸ்டூடியோ எது?" என்று கேட்டால், சாவி வெட்டுகிறவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டுவார். பாஸ்போர்ட் படமோ, அலுவலக அடையாள அட்டைக்கான படமோ, யார் வந்து முக்காலியில் உட்கார்ந்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்பதுதான். இறக்கினால், "இவ்ளோ வேணாம், ஏத்துங்க" என்பார். ஏற்றினால் மறுபடி இறக்கச் சொல்வார். கிளம்பிய இடத்துக்கே தாடை திரும்பி வந்ததும், "ஆங், இதைத்தான் சொன்னேன்" என்று காமிராவில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

புதைக்கும்போது வலது கண் திறந்திருக்கும். இடது கண் தானாக மூடிக்கொள்ளும். இன்று நேற்றைய பழக்கமில்லை. மீசை அரும்பிய வயதில் காமிராவைத் தொட்டார், அன்றைக்கு மூடிய கண். காமிராவின் முதுகிலுள்ள திரையைப் பார்த்துப் படம் எடுக்கலாமே என்று யாராவது சொன்னால், ஜன்னல் பக்கத்தில் நிற்கும்போது ஜன்னலின் படத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பார்.

அந்த இடது கண்ணில் கோளாறு என்று கண்டுபிடித்தவர் அவர் மனைவி. திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் அவருடைய வலது கண்ணில் தூசி விழுந்துவிட்டது. மனைவி ஈரத்துணியால் அந்தக் கண்ணைப் பொத்தி, "ரொம்ப உறுத்துதா?" என்று முகத்துக்கு நேரே குனிந்தார்.

"உன் மூஞ்சி எங்க?" என்றார் தாடைக்காரர்.

"எங்க போகும்? கழுத்து மேலதான் இருக்கு."

"காது தெரியுது. தோடு தெரியுது. கொண்டை தெரியுது. நடுவுல மூஞ்சிய மட்டும் காணோம்."

"நடக்கட்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்பத்தான் தேடவே தோணியிருக்கு."

வாய் அப்படிப் பேசினாலும் அன்றைக்கே அவரைக் கண் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் இளவயதுப் பெண். கையில் ஒரு பிளாஸ்டிக் கண்ணை வைத்துக்கொண்டு, அதைத் திறந்து திறந்து மூடிப் பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் கண்ணாடி மாதிரி ஒரு கூழ் நிறைந்திருக்கிறது. வயதாக ஆக அது சுருங்கி, பின்னால் இருக்கும் விழித்திரையை விட்டு மெல்ல விலகும். பெரும்பாலானவர்களுக்கு அது சண்டை சச்சரவில்லாமல் விலகிவிடும். இவருக்கு அப்படி விலகாமல், நடுவில் பிடித்து இழுத்து ஓர் ஓட்டையே போட்டுவிட்டது. அதனால்தான் நடுவில் இருப்பது தெரியவில்லை, ஓரங்கள் தெரிகின்றன.

"ஆபரேஷன்ல அந்தக் கூழை எடுக்கணும். ஆனா அது இப்ப எந்த இடத்துல விலகியிருக்கு, எந்த இடத்துல இன்னும் ஒட்டிட்டிருக்குன்னு முதல்ல தெரியணும். தெரியாம இழுத்தா விழித்திரையும் கூடவே கிழியலாம். அதுக்குத்தான் ஸ்கேன்."

"இது சும்மா மூடி வைக்கிற கண்ணுதானே டாக்டர்? இதுக்குப் போய் இவ்வளவு செலவும் அலைச்சலும் எதுக்கு?"

"சரிங்க. இந்தக் கண்ணுல வந்தது நாளைக்கு வலது கண்ணுலயும் வரலாம். அப்ப எந்தக் கண்ணை வச்சுப் படம் எடுப்பீங்க?"

தாடைக்காரர் வலது கண்ணை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தக் கண்ணை ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டர் வெளியூரிலிருந்து வருகிறவர் என்றும், மறுநாள் காலையை விட்டால் அடுத்து அவர் வருவதற்குள் ஓட்டை பெரிதாகிவிடும், பிறகு மூடுமா என்பது சந்தேகம்தான் என்றும் டாக்டர் சொன்னார். ஸ்கேன் படம் அன்று மாலைக்குள் கைக்கு வந்தால்தான் பெயரைச் சேர்க்க முடியும்.

ஸ்கேன் அறை ஒரு குளியலறை அகலம்தான் இருக்கும். மேஜைமேல் இயந்திரம். அதற்கு அந்தப்பக்கம், கதவுக்கு முதுகு காட்டி ஸ்கேன் எடுக்கும் பெண். இந்தப்பக்கம் முக்காலி.

"ஐயா, தாடையை இதுல வைங்க" என்றாள் அவள்.

பிறருக்குத் தான் சொல்லும் வாக்கியத்தைத் தனக்கு ஒருவர் சொல்லக் கேட்டதில் தாடைக்காரருக்குக் கொஞ்சம் மானக்கேடாக இருந்தது. ஆனாலும் வைத்தார். நெற்றியைப் பட்டையில் ஒட்டினார். இடது கண்ணுக்கு நேராக லென்ஸ் வந்தது. வந்ததும் இடது கண் மூடிக்கொண்டது.

"கண்ணைத் திறங்க ஐயா."

"திறந்துதாம்மா இருக்கு."

"அது வலது கண்ணு."

முகத்தைப் பின்னால் இழுத்தால் இரண்டு கண்ணும் பளிச்சென்று திறந்திருந்தன. லென்ஸ் பக்கம் போனால் இடது கண் கடையைச் சாத்தியது. வலது கண்ணைப் பஞ்சு வைத்து ஒட்டிப் பார்த்தாள். இரண்டுமே இருட்டாகிப்போனதில் அவர் பயந்து மேஜையைப் பிடித்துக்கொண்டாரே தவிர, கண் திறக்கவில்லை. விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தாள். இமை வந்தது, கருவிழி மேலே ஓடிப்போய் ஒளிந்துகொண்டது. திரையில் வெறும் வெள்ளை.

"என்னங்க, சின்னப் புள்ளையாட்டம்!" என்றார் ஓரமாக நின்ற மனைவி.

"நான் என்ன பண்ண? அதுவா மூடிக்குது. முப்பது நாப்பது வருஷமா மூடுன்னு பழக்கிட்டு, இன்னிக்குத் திற திறன்னா அது யார் பேச்சைக் கேக்கும்?" என்றார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. அடுத்தவர்களை முடித்துவிட்டுக் கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்றாள் ஸ்கேன் பெண். அதற்குமேல் அவள் கையிலும் ஒன்றுமில்லை.

வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சொட்டுமருந்து விட்ட நோயாளிகள் கண் கூசி, ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்த மனைவி திடீரென்று அவர் தொடையில் ஓர் அடி வைத்தார்.

"கல்யாணத்துல குரூப் போட்டோ எடுக்கும்போது நீங்க கண்ண மூட மாட்டீங்களே!"

"எப்படி மூடுறது? ஓரத்துல நிக்கிறவன் நழுவிருவான். எவனாவது மூக்கை நோண்டுவான். ஒரு கண்ணு உள்ள, ஒரு கண்ணு வெளிய இருக்கணும்."

மனைவி எழுந்து ஸ்கேன் அறைக்குள் போனார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஸ்கேன் பெண் வெளியே எட்டிப்பார்த்து, "அவர் அந்தக் கண்ணால நடுவுல பார்க்க முடியாதுங்கிறதால, இன்னொரு கண்ணுக்குப் பார்க்க ஏதாவது காட்டித்தான் நாங்களும் எடுப்போம். ஒரு சின்ன லைட்டைக் காட்டுவோம். இப்படிக் குரூப் போட்டோ மாதிரி ஆளுங்களை நிக்க வச்சுக் காட்டினதில்லை. காட்டித்தான் பார்ப்போமே" என்றாள். அறைக் கதவு அகலத் திறந்துவைக்கப்பட்டது.

இயந்திரத்துக்கு அந்தப்பக்கம், வாசலில், கூட்டம் சேர்ந்தது. கறுப்புக் கண்ணாடிக்காரர், நீலச் சட்டைப் பெரியவர், காவலாளி, கையில் துடைப்பத்தோடு கூட்டுகிற அம்மா, காலையிலிருந்து ஒருவரோடொருவர் பேசாமல் இருந்த ஒரு மாமியாரும் மருமகளும். தாடைக்காரருக்கு உயிர் வந்துவிட்டது.

"நீலச் சட்டை, கொஞ்சம் உள்ள வாங்க. கண்ணாடி, நீங்க பார்க்கிறது தண்ணி ஃபில்டர். ஆளு இந்தப்பக்கம் இருக்கேன். அம்மா, துடைப்பத்தைக் கீழ வைங்க. நீங்க ரெண்டு பேரும் ஏன் ஆளுக்கொரு மூலையில? ஒட்டி நில்லுங்க."

"அவங்களை வரச் சொல்லுங்க" என்றாள் மருமகள்.

"ஏன், அவளுக்குக் கால் இல்லையா?" என்றார் மாமியார்.

"யாராவது வாங்க, எனக்குக் கண்ணு போகுது!" என்று தாடைக்காரர் கத்தினார். இருவரும் பாதிப் பாதி நகர்ந்தார்கள்.

"ஐயா, இனிமே பேசக் கூடாது" என்றாள் ஸ்கேன் பெண். "பேசினா அசையும். நடுவுல நிக்கிறவங்களை மட்டும் பாருங்க."

நடுவில் மனைவியை நிறுத்தியிருந்தாள்.

அவர் முகத்தைப் பட்டையில் பொருத்தினார். லென்ஸ் நெருங்கியது. இடது இமை ஒருமுறை துடித்தது. வலது கண் வெளியே போய், வரிசையின் ஓரத்தில் கறுப்புக் கண்ணாடி மறுபடி தண்ணீர் ஃபில்டர் பக்கம் திரும்புவதைப் பிடித்தது. தாடைக்காரர் பேசாமல் கையை மட்டும் தூக்கி, அந்த ஆளை இந்தப்பக்கம் திரும்பு என்று விரலைச் சுண்டினார். அந்தக் கோபத்தில் இடது கண் மூட மறந்துபோனது.

"அப்படியே... அம்மாவைப் பாருங்க... அம்மாவைப் பாருங்க..."

அவர் பார்த்தார். மூஞ்சி இருந்தது. பயத்தில் வெளிறி, ஆனாலும் போட்டோவுக்கு என்று பழக்கத்தில் சிரித்துக்கொண்டு இருந்தது. அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"வந்துருச்சு!" என்றாள் ஸ்கேன் பெண். எதற்கென்று முழுதாகத் தெரியாமலே கூட்டம் கைதட்டியது. நீலச் சட்டைப் பெரியவர் மட்டும், "எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?" என்று கேட்டார்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மேடு பள்ளமாக ஒரு பட்டை. நடுவில் கடித்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம். அதற்குமேல் மெல்லிய நூல் ஒன்று. ஒரு முனை விலகி மிதந்தது, மறு முனை பள்ளத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

"பாதி விலகியிருக்கு. இந்தப்பக்கம் மட்டும் பிடிச்சிருக்கு. இடம் தெரிஞ்சிருச்சு, நாளைக்கு இங்கே பார்த்துப் பிரிச்சு எடுப்பாங்க. உங்க பேரைச் சேர்த்துட்டேன்."

தாடைக்காரர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "படம் சுத்தமா வந்திருக்கு" என்றார், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"ஆபரேஷன் முடிஞ்சதும் சில நாள் குனிஞ்சே இருக்கணும். தூங்கும்போதும் குப்புறத்தான். கண்ணுக்குள்ள நிரப்புற காத்து அப்பத்தான் ஓட்டையை அழுத்தி மூடும்."

"பேசலாமா டாக்டர்?"

"தாராளமா."

"அதையும் வேணாம்னு சொல்லிடுங்களேன்" என்றார் மனைவி.

டாக்டர் சிரித்தார். தாடைக்காரர் சிரிக்கவில்லை. "வலிக்குமா?" என்று சின்னக் குரலில் கேட்டார். மரத்துப்போக ஊசி போடுவார்கள், வலி தெரியாது என்றார் டாக்டர். தாடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி அதற்குள் எழுந்து, ஆபரேஷனுக்குப் பிறகு அவர் படுக்க ஜன்னலோரமாக ஒரு கட்டில் கிடைக்குமா என்று கேட்க வெளியே போய்க்கொண்டிருந்தார்.

"காலையில எத்தனை மணிக்கு வரணும் டாக்டர்?" என்றார் தாடைக்காரர்.