அங்கோரில் கும்பிட்டது நான்தான்

கேட்டால் சிரிப்பீர்கள், எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

டிஜிட்டல் கமரா புதிதாய் வந்த காலம். கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் படமெடுக்க மொன்றியலிலிருந்து ஒரு வழிகாட்டியோடு குழுவாய்ப் போனோம். அங்கே ஒரு விஷ்ணு சிலையைக் கண்டதும் கமராவைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

திரும்பி வந்து மொன்றியலின் லாசால் பகுதியில் அந்தப் படங்களைக் கண்காட்சி வைத்தோம். எங்கள் குழுவில் வந்த, கர்க்லாண்ட் பகுதியில் இருக்கும் ஜூலி எடுத்த படத்தில் நான் கும்பிட்டபடி நிற்கிறேன். கீழே ‘உள்ளூர்க் கிராமவாசி’ என்று எழுதியிருந்தது. பயணம் முழுக்க பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள்!

“இது நானெல்லோ?” என்றேன்.

“தெரியும். மொன்றியல்காரன் எண்டு போட்டால் படம் எடுபடாதே” என்று சிரித்தாள்.

விசர்க்கோபம் வந்தது. படத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். பார்க்க வந்த ஒருவர், “பாவம், இந்தச் சனத்துக்கு எவ்வளவு பக்தி!” என்றார்.

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.