கோயில் மாத்திரையும் கலைமதியின் மாத்திரையும்

ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி எத்தனை நாள் கழித்து அவளிடம் ‘விசேஷம் ஏதும் இல்லையா?’ என்று கேட்பீர்கள்? மூன்று மாதம்? கழுத்து மாலை வாடும் வரைக்குமாவது பொறுப்பீர்களா? மரக்காணத்தை ஒட்டிய உப்பளக் குடியிருப்பில் கலைமதியிடம் மறுவீட்டு விருந்திலேயே கேட்டுவிட்டார்கள். கேட்டவர் வாயில் அப்போது கோழிக்கால் இருந்தது.

கலைமதி பெருமுக்கல் கிராமத்துக்காரி. அங்கே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிப் பழகிய கை, ராஜ்கமலைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகு உப்புக் கூடையைப் பிடித்தது. பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் குவிப்பவர்கள் ஆண்கள். அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, கரைமேல் அம்பாரமாகக் கொட்டுபவர்கள் பெண்கள். கூலி யாருக்கு அதிகம் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ராஜ்கமல் அந்த உப்பை ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்குக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். அவன் அம்மா கொளஞ்சியம்மாள், வயதுக்கு வந்த நாள் முதல் கூடை சுமந்து, உச்சந்தலையில் ஒரு வட்டத்துக்கு முடி இழந்தவள்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. ஐப்பசி மழையில் உப்பளம் மூழ்கி, எல்லாரும் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது கலைமதிக்கு நாள் தள்ளிப்போனது. தை பிறந்து பாத்தி வேலை தொடங்கியதும் அவளும் கிளம்பிப் போனாள். மூன்றாம் மாதம் கரு கலைந்துவிட்டது.

ஊர் உடனே துப்புத் துலக்கியது. கண் பட்டுவிட்டது என்றது ஒரு கட்சி. அமாவாசையன்று வேப்பமரத்தடியில் நின்றாள் என்றது இன்னொரு கட்சி. பப்பாளிக் கட்சியும் ஒன்று இருந்தது. தலையில் இருந்த கூடையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் மறுநாள் அதை யார் தூக்குவது?

கிராம நர்ஸ் சந்தியா எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

“கலையறதுக்கு ஆயிரம் காரணம் இருக்குதும்மா. பாதி நேரம் டாக்டருக்கே தெரியாது. ஆனா உனக்கு ரத்தம் ஏழுதான் இருக்குது. இந்த உடம்புல உடனே அடுத்ததைச் சுமக்காத. பதினொண்ணு வரட்டும்.”

“அதுவரைக்கும் இன்னா பண்றது நர்சம்மா?”

“மூணு மாசத்துக்கு ஒரு ஊசி இருக்குது. தினம் ஞாபகம் வெச்சுக்க வேணாம். ஆனா நிறுத்துனப்புறம் கரு தங்க ஒரு வருஷம்கூட ஆகலாம். காப்பர்-டி போட்டா சில பேருக்குத் தீட்டு அதிகமாப் போவும். உன் ரத்தத்துக்கு அது இப்ப வேணாம். மாத்திரைன்னா தினமும் மறக்காம போடணும். நிறுத்துனா சீக்கிரமே பழையபடி ஆயிடும், தீட்டும் கம்மியாப் போவும். சரி, நீ சொல்லு. உனக்கு எப்ப புள்ள வேணும்?”

கலைமதி திகைத்துப்போனாள். பிள்ளை உண்டா என்று ஊரே கேட்டிருக்கிறது. எப்போது வேண்டும் என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை.

“அடுத்த வருஷம்,” என்றாள். கொஞ்சம் யோசித்து, “எனக்கு ரெண்டு வேணும் நர்சம்மா. ஆனா அடுத்த வருஷந்தான்,” என்றாள்.

“அப்ப மாத்திரை.”

சந்தியா பிரஷர் பார்த்தாள். ஒற்றைத் தலைவலி உண்டா, காலில் ரத்தம் கட்டியதுண்டா என்று விசாரித்தாள்.

“பீடி, சிகரெட்டு?”

“எங்க வீட்டுக்காருக்கு உண்டு.”

“மாத்திரை அவரா போடப்போறாரு?”

அன்று மாலை குட்டியானையின் முன்சீட்டில் உட்கார்ந்து கலைமதி கணவனிடம் சொன்னாள். ராஜ்கமல் உருகிவிட்டான். “உன் உடம்புதான் கலை முக்கியம். ஒரு வருஷம் இன்னா, ரெண்டு வருஷம்கூட ஆவட்டும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத.” தங்கமான மனுஷன், வண்டிக் கதவு சாத்தியிருக்கும் வரைக்கும்.

கலைமதி மாத்திரையை ஒளித்து வைத்துத் தின்னவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாமியார் எதிரிலேயே தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். “இன்னா மாத்திரை?” என்று கேட்டதற்கு, “சத்து மாத்திரை அத்தை” என்றாள். முழுப் பொய் இல்லை. அட்டையின் கடைசி வரிசையில் இருந்த பழுப்பு மாத்திரைகள் இரும்புச்சத்துதான். நான்கு மாதம் இப்படியே ஓடியது. ரத்தம் ஒன்பதுக்கு ஏறியது.

இதற்கிடையில் கொளஞ்சியம்மாள் சும்மா இருக்கவில்லை. வைகாசித் திருவிழாவில் மருமகள் பால்குடம் எடுப்பாள், அம்மன் ஒரு பிள்ளையைக் கொடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுவிட்டாள். பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். திருவிழாவும் மருமகளின் தீட்டும் ஒரே நாளில் வந்து நின்றன. அம்மன் பெண்தான். ஆனால் அவளைப் பார்க்கப் போகிறவள் முழுசாகப் பெண்ணாக இருந்தால் கோயிலுக்கு ஒத்துக்கொள்ளாது.

தீட்டைத் தள்ளிப்போட ஊரில் மருந்து இருக்கிறது. தெய்வசிகாமணி நடத்தும் மெடிக்கலில் கிடைக்கும். அதன் பெயர் கோயில் மாத்திரை. அட்டையில் அப்படி எழுதியிருக்காது, ஆனால் பெண்கள் அப்படித்தான் கேட்பார்கள், அவரும் அப்படித்தான் எடுத்துக் கொடுப்பார். சீட்டு வேண்டாம். பிரஷர் உண்டா, சர்க்கரை உண்டா என்ற பேச்சே இல்லை. திருவிழாவுக்கு நாள் குறித்துவிட்டால் அவர் கடையில் முதலில் தீர்வது கற்பூரம் அல்ல, அந்த மாத்திரைதான்.

அது என்ன மாத்திரை? ஹார்மோன். கலைமதி தினமும் விழுங்குகிறாளே, அதற்கு ஒன்றுவிட்ட அக்கா. பிள்ளை வரம் கேட்கப் போகிறவள், கருத்தடை மாத்திரையின் அக்காவை விழுங்கிவிட்டுப் போனால்தான் கோயிலில் வாசல் திறக்கும். இதைச் செய்கிற ஊர்தான் கலைமதிக்குப் புத்தி சொல்லக் கிளம்பியது.

நடந்தது இதுதான். அந்த மாதம் சந்தியாவிடம் அரசாங்க மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. அடுத்த அட்டையை மறுநாளே தொடங்க வேண்டும். நாள் தவறினால் அதுவரை காத்ததெல்லாம் வீண். “மெடிக்கல்ல இதே மாதிரி கேட்டு வாங்கிக்கம்மா,” என்று சந்தியா மாத்திரையின் பெயரைச் சொல்லி அனுப்பினாள். கலைமதி பழைய அட்டையோடு தெய்வசிகாமணி முன்னால் போய் நின்றாள்.

அவர் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் எவனும் இல்லாததையும் பார்த்தார்.

“உன் வீட்டுக்காரன் எங்கம்மா?”

“திண்டிவனம் லோடு போயிருக்காருங்க.”

“அவன் வந்து கேக்கட்டும், குடுக்கறேன். குடும்ப விஷயம் பாரு.”

அவள் திரும்பிப் போனாள். சிறிது நேரத்தில் கொளஞ்சியம்மாள் கோயில் மாத்திரைக்கு வந்தாள். தெய்வசிகாமணி ஒரு கையால் அதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “யக்கா, உன் மருமவ இப்ப வந்து இன்னா மாத்திரை கேட்டா தெரியுமா?” என்று போட்டுக்கொடுத்தார். குடும்ப விஷயத்தைக் கடையில் பேசக் கூடாது என்பதெல்லாம் வாங்குகிறவளுக்குத்தான்.

கொளஞ்சியம்மாள் வீடு வந்து சேர்வதற்குள் அவள் குரல் வந்து சேர்ந்துவிட்டது.

“சத்து மாத்திரையாடி அது? என் வம்சத்தைக் கருக்கற மாத்திரைடி! பொண்ணா நீ?”

குழாயடியில் நின்றவர்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். பக்கத்து வீட்டு ராமதாஸ், உள்ளூரில் எல்லா நோய்க்கும் காரணம் தெரிந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

“அந்த மாத்திரை தின்னா கர்ப்பப்பை காஞ்சிடும்மா. உப்புப் பாத்தி மாதிரி காஞ்சு போயிடும்.”

“பாத்தி காஞ்சாத்தானே மாமா உப்பு விளையும்?” என்றாள் கலைமதி.

சிலர் சிரித்துவிட்டார்கள். கொளஞ்சியம்மாளுக்கு வெறி ஏறியது. “வாயைப் பாரு! புள்ளய எப்ப குடுக்கணும்னு சாமிக்குத் தெரியாதா? தள்ளிப் போட நீ யாருடி?”

“போன ஆடியில என்னை எதுக்கு அத்தை எங்கம்மா வீட்டுக்கு அனுப்புனீங்க?”

“அது… வழக்கம்.”

“இன்னாத்துக்கு வழக்கம்?”

“ஆடியில கரு தங்குனா சித்திரையில பொறக்கும். குடும்பத்துக்கு ஆவாது.”

“அப்ப சாமி குடுக்கறதை நீங்களும் ஒரு மாசம் தள்ளித்தானே போட்டீங்க? நாள் குறிக்கறது நீங்கன்னா வழக்கம், நானுன்னா பாவமா?” அவள் மாமியாரின் கையைச் சுட்டினாள். “கையில இன்னா வெச்சிருக்கீங்க?”

“கோயில் மாத்திரை.”

“அதுவும் இதே சாதி மாத்திரைதான். நர்சம்மாவையே கேளுங்க. எனக்கு ரத்தம் ஏறணும்னு நான் தின்னா வம்சம் கருகுது. சாமிக்கு ஆவாதுன்னு நீங்க குடுத்தா மட்டும் துளிர்க்குதா? நான் அதைத் தின்னமாட்டேன். பால்குடமும் எடுக்கமாட்டேன்.”

“வேண்டுதல்டி! வாய்விட்டு வேண்டிட்டேன்!”

“யாருக்குப் புள்ள வேணும்னு வேண்டுனீங்க?”

“என் புள்ளைக்குத்தான்.”

“அப்ப உங்க புள்ளயே எடுக்கட்டும். அவருக்குத் தீட்டும் இல்ல, மாத்திரையும் வேணாம்.”

குட்டியானை அப்போதுதான் வந்து நின்றது. ராஜ்கமல் இறங்கினான், கூட்டத்தைப் பார்த்தான், மறுபடி ஏறிவிடலாமா என்று யோசித்தான். அதற்குள் எல்லாரும் அவனைப் பார்த்துவிட்டார்கள்.

“ஏண்டா, உனக்குத் தெரியுமாடா இது?” என்றாள் அம்மா.

அவன் வண்டிச் சக்கரத்தை ஆராய்ந்தான். பிறகு, “தெரியும்மா,” என்றான் சக்கரத்திடம். “ரெண்டு பேரும் சேந்துதான் பேசுனோம். உடம்பு தேறட்டும்னு.”

அவன் வாழ்நாளில் அம்மா எதிரில் பேசிய பெரிய பேச்சு அதுதான். சூட்டோடு சூடாக, “மெடிக்கல் போயி நானே வாங்கியாறேன் கலை,” என்று நெஞ்சை நிமிர்த்திக் கிளம்பினான். திரும்பி வந்தபோது கையில் இருமல் மருந்து இருந்தது.

“யாருக்குங்க இருமல்?”

“கடையில ஆளுங்க நின்னாங்க கலை. கேக்க ஒரு மாதிரி கூச்சமாப் போச்சு.”

பத்துச் சக்கர லாரியை வளைவில் முந்துகிறவனுக்கு, ஒரு சின்ன அட்டையின் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. கலைமதி இருமல் மருந்தை அலமாரியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

மெடிக்கலில் நல்ல கூட்டம். எல்லாரும் பெண்கள், எல்லாரும் கோயில் மாத்திரைக்கு. அவள் எல்லாருக்கும் கேட்கும்படி மாத்திரையின் பெயரைச் சொன்னாள்.

தெய்வசிகாமணி நெளிந்தார். “உன் வீட்டுக்காரன் இப்பத்தானே வந்து இருமல் மருந்து வாங்கினு போனான். அவன் ஒண்ணும் கேக்கலயே?”

“இவங்க வீட்டுக்காருங்க எல்லாம் எங்கங்க?” கலைமதி சுற்றிலும் கையை நீட்டினாள். “ஒருத்தர்கூட காணோம். நீங்க கேக்கவும் இல்ல. இவங்களுக்குப் பிரஷர் பாத்தீங்களா? எனக்கு நர்சம்மா பாத்தாங்க. பாக்காம எழுதாம அதை அள்ளி அள்ளிக் குடுக்கறீங்க, நர்சம்மா பாத்துச் சொன்னதுக்குப் புருஷன் வரணுமா?”

கூட்டத்தில் ஒருத்தி, “எனக்குப் பிரஷர் இருக்குதே, இதைத் தின்னலாமா?” என்று கையிலிருந்ததை நீட்டினாள். தெய்வசிகாமணிக்குத் திடீரென்று நிறைய வேலை வந்துவிட்டது. கலைமதியின் மாத்திரையை எடுத்து, என்னவோ வெடிகுண்டு மாதிரி செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். அவள் அங்கேயே தாளைப் பிரித்து அவர் மேசையில் வைத்துவிட்டு, அட்டையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

திருவிழாவன்று ராஜ்கமல் மஞ்சள் வேட்டி கட்டிப் பால்குடம் எடுத்தான். தெருவில் ஒருவனும் அவனைச் சும்மா விடவில்லை. “டேய் ராஜ்கமல், உனக்கு எத்தினி மாசம்டா?” “வளைகாப்பு எப்ப மச்சான்?” பின்னால் வந்த கொளஞ்சியம்மாள் விடவில்லை: “என் புள்ள வேண்டுதல்டா, உனக்கு இன்னா வலிக்குது?” மகனை யாரும் ஒன்று சொல்லக் கூடாது என்பதில் அவள் சமரசமே செய்துகொள்ளமாட்டாள். மருமகளிடம் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் முருங்கைக்கீரையை உருவி அடுப்படியில் வைத்தாள். “ரத்தம் ஏறுமாமே,” என்று கீரையைப் பார்த்துச் சொன்னாள். அதற்கு மன்னிப்பு என்றெல்லாம் பெயர் வைத்துவிடாதீர்கள். நாளை அவளே ‘எப்பத்தான் நிறுத்துவ?’ என்று கேட்பாள், கேட்டுக்கொண்டும் இருக்கிறாள். கலைமதியின் ரத்தம் இப்போது பத்தரை. மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று அவள் முடிவு செய்வாள். உடம்பு அவளுடையது. கூடையைச் சுமப்பதும் அவள்தான்.

உங்கள் தெருவிலும் ஒரு தெய்வசிகாமணி இருப்பார். நாளைக்குத் தலைவலி மாத்திரை வாங்கப் போகும்போது, உங்களுக்கு முன்னால் ஒரு பெண் நின்று தயங்கினால், ‘வீட்டுக்காரன் எங்கே?’ என்று அவர் அவளைக் கேட்டால், மேற்கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். “அவங்க கேட்டதைக் குடுங்க” என்று சொல்லுங்கள். எதை எடுத்துக்கொள்வது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லையென்றால், நர்ஸ் உட்காரும் இடத்துக்கு வழி காட்டுங்கள். கூச்சமாக இருக்கிறதா? இருக்கட்டும். கூச்சத்தோடே சொல்லுங்கள்.